இளையோர் ஒன்றியங்களுக்கான பரிவுச் செயற்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்திலும் சுற்றுவட்டப் பங்குகளிலும் கிறிஸ்தவக் கோயில்களின் இளையோர் ஒன்றியங்களோடு சில ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். தவக்காலம் நெருங்கும்போதும், திருவருகைக் காலம் தொடங்கும்போதும், "பிள்ளைகளை வைத்து ஏதாவது நல்ல காரியம் செய்ய வேண்டும், எப்படித் தொடங்குவது?" என்று பாலையூற்றிலிருந்து ஒருவரும் நிலாவெளியிலிருந்து ஒருவருமாகக் கேட்பார்கள். கேட்பவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, மெதடிஸ்த, அங்கிலிக்கன் வாலிபர் சங்கத்தாரும் உண்டு. கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்ததனால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

1. ரீச்சர், "பரிவுச் செயற்பாடு" எண்டு நீங்கள் சொல்லுறது என்னத்தை? தான தருமமா, சிரமதானமா?

இரண்டையும் அதற்குள் அடக்கலாம். பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், தூய ஆவியின் கனிகளுள் ஒன்றைப் பழைய மொழிபெயர்ப்பு "தயவு" என்றும், கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு "பரிவு" என்றும் தருகின்றன. நான் இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் தயவு என்பது கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் கேட்டு நிற்பது. "அவையின்ர தயவிலதான் இருக்கிறம்" என்று எவரும் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் செய்யப்போகும் காரியம், அதைப் பெறுபவரை அந்த நிலைக்குத் தள்ளாமல் இருக்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியனின் உவமையை முதற் கூட்டத்திலேயே வாசியுங்கள். வாசித்துவிட்டு, அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், கட்டினான், தன் விலங்கில் ஏற்றினான், சாவடிக்குக் கொண்டுபோனான், அன்றிரவு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டான், மறுநாள் சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம் என்பது மத்தேயு இருபதாம் அதிகாரத்தின் திராட்சைத் தோட்ட உவமையால் தெரிகிறது. ஆகவே அவன் தந்தது இரண்டு நாட் கூலி. இவ்வளவையும் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அநேகமாக எல்லோரும் விட்டுவிடுவது கடைசி வரியை: மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் திரும்பி வருவதாக இருந்தவன். இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்துவது இந்த ஒன்றைத்தான்: இரண்டாம் முறை போகும் திகதியைக் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு முதல் முறை புறப்படுங்கள்.

2. எத்தனை பேர் வேணும்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

பன்னிரண்டு பேர் இருந்தால் நன்றாக நடக்கும். ஆறு பேர் இருந்தாலும் நடக்கும். வெளியே போகும்போது மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இருவராகப் போனால் கூச்சத்தில் வாய் திறக்காமல் நிற்பார்கள். நால்வராகப் போனால் தங்களுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொரு மூவரிலும் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

வாசிப்புக்கும் ஆயத்தத்துக்கும் முக்கால் மணித்தியாலம், வெளியே ஒன்றரை மணித்தியாலம், திரும்பி வந்து பகிர்ந்துகொள்ள அரை மணித்தியாலம் என்று வைத்தால், மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பகிர்வை வெட்டிவிட்டு எல்லோரையும் வாசலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிள்ளைகள் கண்டவை மனதில் சூடாக இருப்பது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

3. எங்கட ஒன்றியத்தில காசே இல்லை. காசில்லாமல் என்னத்தைச் செய்யிறது?

இந்தக் கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் விட அதிகமாக வருவதால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கம் தனியாக இருக்கும் ஓர் அம்மம்மாவிடம் எங்கள் பிள்ளைகள் மூவர் உலர் உணவுப் பொதியோடு போனார்கள். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, ஒரு பால்மாப் பெட்டி. அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, தையல் பெட்டியைத் திறந்து, "பிள்ளையள், இந்த ஊசியளுக்கு நூல் கோத்துத் தருவியளோ?" என்று கேட்டிருக்கிறார். கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு அவருக்கு ஊசிக் காது தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் போய்க் கேட்பதற்குக் கூச்சம். பிள்ளைகள் இருந்த ஊசிகள் அத்தனைக்கும், கறுப்பு, வெள்ளை, நீலம் என்று நூல் கோத்து, பழைய நாட்காட்டி மட்டை ஒன்றில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வந்தார்கள். மொத்தம் பதினொரு ஊசி. அடுத்த மாதம் போனபோது ஒன்பதில் நூல் தீர்ந்திருந்தது. பால்மாப் பெட்டி உடைக்கப்படாமல் அப்படியே இருந்தது.

ஆகவே காசு இல்லை என்பதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கையில் பொதி இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் அவசரம் வந்துவிடும். வெறுங்கையோடு போகிறவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். மின்குமிழ் மாற்றுதல், கிணற்றில் தண்ணீர் அள்ளி நிரப்புதல், கனடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுத்தல், அரசாங்கத்திலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுதல் எல்லாம் காசு கேட்காத வேலைகள். ஓட்டோவுக்கு மட்டும் கொஞ்சம் வேண்டும். அதையும் சைக்கிளில் சமாளிக்கலாம்.

4. ஆரிட்ட அனுமதி எடுக்க வேணும்?

பங்குத்தந்தையிடம் அல்லது போதகரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் சம்மதிப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லுங்கள்; பிரச்சினை ஏதும் வந்தால் பதில் சொல்லப்போகிறவர் அவர். வீடு வீடாகப் போவதாக இருந்தால், அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை. தனியாக இருக்கும் முதியவர்கள் எவரெவர், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கடற்கரையில் வேலை என்றால் அங்கே வாடி வைத்திருக்கும் மீனவர் சங்கத்தாரிடமும், பாடசாலை, வைத்தியசாலை, முதியோர் இல்லம் என்றால் அதன் பொறுப்பாளரிடமும் கேட்க வேண்டும்.

யாரிடம் போகிறீர்களோ அவரிடமும் கேட்க வேண்டும் என்பதை மறந்துவிடுவதுதான் வழக்கம். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மூன்று பேர் வரலாமோ?" என்று முந்தின வாரமே கேளுங்கள். பிற்பகல் நித்திரையிலிருந்து எழும்பி, சேலையைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் வாசலில் நிற்கும் ஒருவருக்கு உங்கள் அன்பு பெரும் இடைஞ்சலாகவே இருக்கும்.

5. எந்தக் காலத்தில, எந்த நாளில வைக்கலாம்?

நம் பக்கத்து மழை ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. அந்த மாதங்களில் வெளிவேலைகளைத் திட்டமிட்டுவிட்டு மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்த ஒன்றியங்கள் பல. ஆனால் மழைக்கு முன்னான செப்டெம்பர், கூரை ஓடு மாற்றவும், பீலி துப்பரவு செய்யவும், வளவில் நுளம்பு பெருகும் சிரட்டைகளையும் டயர்களையும் அகற்றவும் அருமையான மாதம். கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை, காலை பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள்.

போயா (பௌர்ணமி) விடுமுறை நாள்கள் வசதியானவை, ஏனென்றால் பாடசாலையும் அலுவலகமும் இல்லை. ஒரு சின்ன விடயம்: போயா அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு, ஆகவே கோழிக் கறியோடு சாப்பாடு என்று திட்டமிட்டிருந்தால் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களைத் தவிர்த்துவிடுங்கள். டிசெம்பர் 26 ஆம் திகதியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2004 இல் கடல் கொண்டுபோன உறவுகளை நினைத்து அன்று பல கரையோர வீடுகளில் விளக்கு எரியும். அந்த நாளில் எதையும் ஒழுங்கு செய்யாமல், அழைத்தால் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவதே சரி என்பது என் எண்ணம்.

6. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு. எங்கே போகிறோம், யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம், தொலைபேசி இலக்கம் என்ன என்ற நான்கும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒரு வளர்ந்தவர் ஒரு பிள்ளையோடு தனித்து எந்த வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன மூவர் முறை இதற்கும் உதவும். பெண் பிள்ளைகள் உள்ள குழுவோடு ஒரு பெண் பொறுப்பாளர் போக வேண்டும். யாருக்காவது மயக்கமோ காயமோ வந்தால் 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம் என்பதைப் புறப்படுமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பேன். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. களப்பைக் கடக்க வேண்டிய இடத்துக்குச் சுற்றிப் போகத் தரைவழி இருந்தால், ஒரு மணித்தியாலம் கூடினாலும் தரைவழியே போங்கள். கடற்கரையில் துப்பரவு வேலை முடிந்ததும் "கொஞ்சம் குளிச்சிட்டு வாறம் ரீச்சர்" என்ற வேண்டுகோள் தவறாமல் வரும். அதற்கு என் பதில் இதுவரை "இல்லை"தான்.

7. முதன்முதலாச் செய்யிற ஒன்றியத்துக்கு எது பொருத்தம்? ஏதாவது சொல்லித் தாங்கோ.

முதல் மாதம் உங்களுக்குள்ளேயே தொடங்குங்கள். எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒரு பெயர் எடுத்து, அந்த ஆளுக்குத் தெரியாமல் ஒரு மாதம் மூன்று நல்ல காரியங்கள் செய்வது. பொருள் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. ஒரு பெடியன் தன் சீட்டில் வந்த தங்கச்சி ரியூசன் முடிந்து வரும் இருட்டு ஒழுங்கையில், பழுதான வீதி விளக்கைப் பற்றி நகரசபைக்கு மூன்று முறை எழுதிப் போட்டான். விளக்கு எரியத் தொடங்கிய பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. கடிதத்தின் பிரதியைப் பொறுப்பாளர் தற்செயலாகக் கண்டதால்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாவதாக, நகரத்து மான்கள். கோட்டைப் பக்கமும் கடற்கரையோரமும் திரியும் புள்ளிமான்களுக்குப் பாண் கொடுத்துப் படம் எடுப்பதுதான் அன்பு என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த மான்கள் சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனைக் குப்பையோடு சேர்த்துத் தின்று சாகின்றன. உணவு கொடுக்காமல், அவை மேயும் இடங்களில் லஞ்ச் சீற்றும் பையும் பொறுக்குங்கள். ஒருநாள் பொறுக்கினால் மூன்றாம் நாள் மறுபடி கிடக்கும். ஆகவே பக்கத்துக் கடைக்காரர்களோடு கதைத்து, மூடி போட்ட குப்பை வாளி வைக்கச் சொல்லிக் கேட்பதையும் வேலையின் பகுதியாக்குங்கள். பொறுக்குவதை விட அந்தப் பேச்சுத்தான் பிள்ளைகளுக்குக் கடினம்.

மூன்றாவது, தனியாக இருப்பவர்களைச் சந்தித்தல். மூன்றாம் கேள்வியில் சொன்னதே. கரைவலை இழுக்க உதவப் போகிறோம் என்று சில ஒன்றியங்கள் ஆசைப்படும். போய் நின்று பாருங்கள், வலை இழுப்பை நடத்தும் மண்டாடியிடம் கேட்டுவிட்டுக் கயிற்றையும் பிடியுங்கள். ஆனால் பழக்கமில்லாத பத்துப் பேர் பிழையான தாளத்தில் இழுப்பது அவர்களுக்கு உதவியாக இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வலை கரைக்கு வந்த பிறகு மீனைத் தெரிந்து பெட்டியில் போடக் கை தேவைப்படலாம்.

8. ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கலாமோ? இரத்ததானமும் வைக்கலாமோ?

பார்வையாளர் நேரத்தில், வாட்டுப் பொறுப்புத் தாதியின் அனுமதியோடு, ஆறு பேருக்கு மேற்படாமல் போகலாம். முப்பது பேர் கிற்றாரோடு வாட்டுக்குள் நுழைந்து பாடுவது நோயாளிகளுக்குத் தொந்தரவு. யாரும் பார்க்க வராத நோயாளி எவர் என்று தாதியிடம் கேட்டு, அவரிடம் மட்டும் போங்கள். சாப்பாடு எதுவும் கொண்டுபோகாதீர்கள். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாது. சவர்க்காரம், துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றுள் எது தேவை என்று கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

இரத்ததானத்துக்கு இரத்த வங்கியோடு முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். கொடுப்பவர் 18 வயதைக் கடந்தவராகவும், 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவராகவும் இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். முந்தின இரவு நன்றாக நித்திரை கொண்டு, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தவக்கால வெள்ளியன்று நோன்பிருந்துவிட்டு நேரே கட்டிலில் ஏறிய ஓர் அண்ணாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோன அனுபவம் எங்களுக்கு உண்டு.

9. எங்கட ஒழுங்கையில சைவ ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், சிங்கள ஆக்கள் எல்லாரும் இருக்கினம். மதம் மாத்த வந்திருக்கினம் எண்டு நினைக்க மாட்டினமோ?

நினைப்பார்கள். அப்படி நினைப்பதற்கு அவர்களிடம் காரணமும் இருக்கிறது. உதவிப் பொதிக்குள் துண்டுப் பிரசுரம் வைத்துக் கொடுத்த கைகளை இந்த ஊர் கண்டிருக்கிறது. ஆகவே முதல் விதி, செயற்பாட்டு நாளில் பிரசுரம், செபமாலை, வேதாகமம், ஒன்றியத்தின் பெயர் எழுதிய பதாகை எதுவும் கையில் இருக்கக் கூடாது. இரண்டாம் விதி, "நீங்கள் ஆர்?" என்று கேட்டால் மறைக்கவும் கூடாது. "நாங்கள் இந்தக் கோயில் இளையோர். இண்டைக்கு இந்த ஒழுங்கையில வேலை செய்யிறம், வேற ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். செபிக்கலாமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் நல்ல வழி, அவர்கள் செய்யும் காரியத்தில் கூலியாளாகப் போய்ச் சேர்வது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாள்களில் வீதியெங்கும் தாகசாந்தி நிலையங்கள் இருக்கும். தனியாக ஒரு பந்தல் போட்டு உங்கள் பெயரை எழுதுவதை விட, பக்கத்து இளைஞர் மன்றத்தின் பந்தலில் போய்க் குவளை கழுவிக் கொடுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் அயலவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோக ஆசைப்படுவோர், சட்டி, இறைச்சி பற்றிய அவர்களுடைய நியமங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பேரீச்சம்பழமோ முழுப் பழங்களோ கொண்டுபோனால் சிக்கல் இல்லை. அதைவிட, நோன்பு திறக்கும் நேரம் பள்ளிவாசல் வீதியில் நெரிசலைச் சீர்படுத்த ஆள் வேண்டுமா என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். சிங்கள வீடுகளுக்குப் போகும் மூவரில் ஒருவருக்காவது அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு தரப்பும் சிரித்துக்கொண்டே நிற்க நேரிடும். அதிலும் பிழையில்லைத்தான்.

10. சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் குடுக்கிறது சுகம்தானே? அதையே செய்யலாமோ?

சுகம் என்பதால்தான் எல்லோரும் அதையே செய்கிறார்கள். பெரிய திருநாள்களில் பேருந்து நிலையத்தில் இருப்பவர்களுக்கு மூன்று இடங்களிலிருந்து பார்சல் வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்றும் வராது. கொடுப்பதானால் அந்தச் செவ்வாய்க்கிழமை கொடுங்கள். வெள்ளிக்கிழமையானால் மரக்கறிதான். சமைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறி நம் வெயிலில் தாங்காது. வாழையிலையில் கட்டுங்கள், ஏழாம் கேள்வியில் சொன்ன மான்களையும் நினைத்து.

11. போட்டோ எடுத்து முகநூலில போட்டால் மற்ற ஒன்றியங்களுக்கும் ஊக்கமா இருக்குமே?

பெறுபவரின் முகம் தெரியும் எந்தப் படமும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை வாசித்த அதே மாலையில், பொதியின் ஒரு முனையை ஏழு பேர் பிடித்து, மறுமுனையை ஒரு முதியவரிடம் கொடுத்துக் கமராவைப் பார்க்கும் படத்தை நம்மவர்கள் பதிவிடுகிறார்கள். அந்த முதியவரின் பேரன் அதைப் பாடசாலையில் சக மாணவனின் தொலைபேசியில் பார்ப்பான்.

பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயமான தேவை. வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டையும், எத்தனை வீடு, எத்தனை மணித்தியாலம் என்ற குறிப்பையும் அனுப்புங்கள். வேலை செய்த கைகளின் படம், துப்பரவான கரையின் படம் போதும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஒருவர் முகம் காட்டினால்தான் தருவேன் என்று நின்றால், மூன்றாம் கேள்விக்கான பதிலைத் திரும்ப வாசியுங்கள்.

12. போன இடத்தில "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்" எண்டு சொல்லி அனுப்பிப் போட்டினம். பிள்ளைகளுக்குச் சரியான கவலை.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. "சரி அம்மா, போயிட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வற்புறுத்தி வாசலில் வைத்துவிட்டு வருவது அவமதிப்பு. சில வேளை அந்த மறுப்புக்குள் வேறொன்று இருக்கும். எங்களை அப்படி அனுப்பிய ஓர் ஐயா, அடுத்த மாதம் அதே பிள்ளைகள் வெறுமனே நலம் விசாரிக்கப் போனபோது, தன் வளவு முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி அவர்கள் கையில் கொடுத்தார். பிள்ளைகள் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள்! அன்று பகிர்வில் நான் அவர்களைக் கடிந்துகொண்டது அதற்காகத்தான். கொடுக்கத் தெரிந்தவருக்கு வாங்கவும் தெரிய வேண்டும்.

13. உறுதிப்பூசுதல் வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் வர வேணும், வராட்டிப் புள்ளி குறைப்பம் எண்டு சொல்லலாமோ?

ஆயத்தக் கூட்டத்துக்கும் வாசிப்புக்கும் கட்டாயப்படுத்தலாம். மறைக்கல்வியும் திடப்படுத்தல் வகுப்பும் அப்படித்தான் நடக்கின்றன. வெளியே ஒருவரைச் சந்திக்கப் போவதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்த்ததும் அந்த வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள். வராத பிள்ளைக்கு மண்டபத்தில் வேலை கொடுங்கள்: தேநீர் ஊற்றுவது, பெற்றோருக்குத் தொலைபேசி எடுப்பது, கணக்கு எழுதுவது. திரும்பி வருகிறவர்களின் கதையைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை தானாக வரும் பிள்ளைகள் உண்டு. வராத பிள்ளைகளும் உண்டு.

14. எங்கட ஒன்றியத்துக்குள்ளேயே ரெண்டு பேர் ஒரு வருசமாக் கதைக்கிறேல்லை. இதை வைச்சுக்கொண்டு வெளியில போய் அன்பு செய்யிறது பொய் இல்லையோ?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டது பதினாறு வயதுப் பிள்ளை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துப் போதனை அந்தப் பிள்ளையின் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும், அவர்கள் இருவரும் கதைக்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைப்போம் என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. அதோடு, முழு ஒன்றியத்தின் பார்வையும் அந்த இருவர் மேல் விழுந்து விரோதம் இன்னும் இறுகிப் போகும்.

நான் செய்து பார்த்தவற்றுள் ஓரளவு பலித்தது, அவர்களை ஒரே மூவரில் போடாமல், ஒரே வேலையின் இரண்டு பக்கத்தில் போடுவது. ஒருவர் வீடுகளின் பட்டியல் எழுதுவார். மற்றவர் அந்தப் பட்டியலை வைத்து ஓட்டோ ஒழுங்கு செய்வார். கதைக்க வேண்டியதில்லை, ஆனால் தாள் கைமாற வேண்டும். மேடையில் கூப்பிட்டுக் கைகொடுக்க வைக்காதீர்கள். சண்டையின் காரணம் பணமோ, காதலோ, வீட்டார் பகையோ என்றால் அது இளையோர் தலைவர் தீர்க்கக் கூடியது அல்ல. பங்குத்தந்தையிடமோ இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரிடமோ விட்டுவிடுங்கள். ஒருவர் மற்றவரை அச்சுறுத்தியோ துன்புறுத்தியோ இருந்தால், ஒப்புரவு பற்றிப் பேசுவதற்கு முன்னர் துன்பப்பட்டவரின் பாதுகாப்பைப் பாருங்கள்.

15. போன வீட்டில ஒரு பிள்ளைக்கு அடி விழுற மாதிரித் தெரிஞ்சுது. நாங்கள் என்ன செய்யிறது?

அங்கேயே கேள்வி கேட்காதீர்கள், வீட்டாரோடு வாதாடாதீர்கள், படம் எடுக்காதீர்கள். கண்டதையும் கேட்டதையும் திரும்பி வந்தவுடன் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்ல வேண்டும். பகிர்வு வட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூடாது. பொறுப்பாளர் அன்றைக்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்க வேண்டும். கோயிலுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை, யார் சொன்னாலும், ஏற்க வேண்டாம். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119.

16. ஒரு அன்ரி எங்கட இலக்கத்தை வாங்கி வைச்சுக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் காசு கேக்கிறா. மறுத்தால் பரிவு இல்லை எண்டாகிடுமோ?

ஆகாது. பிள்ளைகள் தனிப்பட்ட இலக்கத்தைக் கொடுத்ததுதான் பிழை. ஒன்றியத்துக்கென்று ஒரு இலக்கத்தை வைத்து, அதைப் பொறுப்பாளர் கையில் வையுங்கள். பொறுப்பாளர் நேரில் போய், "காசு தர எங்களால் இயலாது, வேறு என்ன தேவை?" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அவருக்கு உண்மையிலேயே மாதாமாதம் உதவி வேண்டியிருந்தால், பிரதேச செயலகத்தில் உதவிக் கொடுப்பனவுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போவது உங்கள் ஐந்நூறு ரூபாயை விட நீண்டகாலம் நிற்கும். படிவம் நிரப்புவதில் உயர்தரப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

17. ரெண்டாம் தரமும் போனம் ரீச்சர். அந்த அம்மம்மா எங்களை ஆரெண்டே தெரியாமல் "நீங்கள் எந்தப் பிள்ளையள்?" எண்டு கேட்டா. இனியும் போகத்தான் வேணுமோ?

போங்கள். முதல் முறை போனது போலவே பெயர், ஊர், எந்தக் கோயில் என்பதையெல்லாம் திரும்பச் சொல்லுங்கள், "போன மாசமும் வந்தனாங்கள், மறந்திட்டியளோ?" என்று சோதிக்காதீர்கள். மறதி கூடிக்கொண்டு போவதாகத் தெரிந்தால் அவருடைய பிள்ளைகளுக்கோ, பிள்ளைகள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாருக்கோ பொறுப்பாளர் மூலம் சொல்லுங்கள். அடுப்பு அணைந்திருக்கிறதா, மருந்துப் பெட்டியில் நேற்றைய குளிசை அப்படியே கிடக்கிறதா என்று கண்ணை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் மூவரின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, அவர் தினமும் பார்க்கும் இடத்தில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்றாம் முறை வரும் திகதியை அதன் அடியில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.